மட்டக்களப்பில் வீட்டு விலையும் வாடகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் ஒரு பேர்ச் காணி என்ன விலை? ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா?

முடியாது. மத்திய வங்கி வெளியிடும் காணி விலைக் குறிகாட்டி கொழும்பு மாவட்டத்துக்கு உரியது. அதில் ஏற்றம் என்று செய்தி வந்த வாரமே இங்கே தரகர்கள் விலையை உயர்த்திச் சொல்லத் தொடங்குவார்கள். அந்த எண்ணுக்கும் தாண்டவன்வெளி ஒழுங்கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இங்கே விலை ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறும். ஒரே வீதியின் மேட்டுப் பக்கமும் பள்ளப் பக்கமும் வேறு விலை. உறுதிக் காணி (நொத்தாரிசு எழுதிய உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி) ஒரு விலை, அனுமதிப்பத்திரக் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) வேறு விலை. லொறி திரும்பக்கூடிய வீதிக்கும் மோட்டார் சைக்கிள் மட்டும் போகும் ஒழுங்கைக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. விளம்பரத்தில் வருவது கேட்கும் விலை. உங்களுக்கு வேண்டியது கடந்த ஓராண்டில் அதே ஒழுங்கையிலோ அடுத்த ஒழுங்கையிலோ உண்மையில் கைமாறிய மூன்று காணிகளின் விலை. விற்றவரை விட வாங்கியவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அந்தப் பகுதியில் வேலை செய்யும் நில அளவையாளருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

காணிப் பதிவகத்தில் இருக்கும் உறுதியில் எழுதிய தொகையை மட்டும் நம்ப வேண்டாம். முத்திரைத் தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது.

அளவு தெரியாதவர்களுக்கு: 1 ஏக்கர் 4 றூட், அதாவது 160 பேர்ச். 1 பேர்ச் 272.25 சதுர அடி. யாழ்ப்பாணத்தில் சொல்லும் ஒரு பரப்பு 10 பேர்ச். அங்கிருந்து வந்து இங்கே காணி பார்ப்பவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

வாடகை அவ்வளவாக ஏறவில்லை, ஆனால் காணி விலை ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

இரண்டையும் நகர்த்துவது ஒரே பணம் அல்ல. இதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தெளியும்.

வாடகை சம்பளத்திலிருந்து வருகிறது. இங்கே வாடகைக்கு இருப்போரில் பெரும்பங்கு ஆசிரியர்கள், வைத்தியசாலை ஊழியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், திணைக்களங்களுக்கு இடமாற்றத்தில் வந்தவர்கள், பல்கலைக்கழகத்தினர். சம்பளம் ஏறாமல் அவர்களால் கூடக் கொடுக்க முடியாது. வீட்டுக்காரர் எவ்வளவு கேட்டாலும் வீடு சும்மா கிடக்குமே தவிர வாடகை ஏறாது.

காணி விலை வேறு இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று சீதனம். மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரையோரம் முழுக்க, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டில் இருத்துவது வழக்கம். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மூன்று வீடுகள் வேண்டும், அதுவும் முடிந்தால் தாய்வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். அந்த வீட்டை வாங்குபவர் அது எவ்வளவு வாடகை தரும் என்று பார்ப்பதில்லை. கலியாணத்துக்கு முன் முடிய வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. காத்தான்குடியில் ஒரு பேர்ச்சுக்குச் சொல்லும் விலை வெளியூராருக்கு நம்ப முடியாததாக இருப்பதற்கு முதற் காரணம் இது. இலங்கையிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் அது ஒன்று. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். ஊர் விரிய இடமில்லை.

மற்றது வெளிநாட்டுப் பணம். மத்திய கிழக்கில் உழைப்போரும் ஐரோப்பா, கனடாவில் குடியேறியோரும் காணியைத்தான் பாதுகாப்பான சேமிப்பாகப் பார்க்கிறார்கள். ரூபா விழுந்தால் அவர்களின் கை நீளும். 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. அதே டொலருக்கு முன்பைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ரூபா கிடைத்தது. உள்ளூர்ச் சம்பளக்காரருக்கு அந்த ஏற்றம் எதுவும் வரவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் எதிர்மாறாக நடந்தது. தொண்டு நிறுவனங்கள் ஊரெங்கும் அலுவலகங்களையும் தங்குமிடங்களையும் தேடின, நல்ல வீடுகளின் வாடகை குதித்தது. அவை போனதும் வாடகை இறங்கியது, காணி விலை அந்தளவுக்கு இறங்கவில்லை. வாடகையை நம்பிக் கடன் பட்டு மாடி கட்டியவர்கள் அப்போது மிகவும் சிரமப்பட்டார்கள்.

2022 நெருக்கடிக்குப் பின் வீட்டு விலைக்கு என்ன நடந்தது?

கட்டுமானச் செலவுதான் முதலில் பாய்ந்தது. 2021 தொடக்கத்தில் 50 கிலோ சீமெந்துப் பை ஏறக்குறைய 1,000 ரூபா. 2022 இல் அது 3,000 ரூபாவைத் தாண்டியது. கம்பி, ஓடு, வயர், குளியலறைப் பொருட்கள் எல்லாம் இறக்குமதியோடு கட்டுண்டவை. அதனால் கட்டி முடிந்த பழைய வீடு திடீரென்று பெறுமதியானது. அத்திவாரத்தோடு நின்ற வீடுகள் பல அப்படியே விற்பனைக்கு வந்தன.

அடுத்தது வட்டி. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வீட்டுக் கடன் எடுப்பவருக்கு இது என்ன செய்யும் என்று பார்க்க, 50 இலட்சம் ரூபாவை 15 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனை எடுத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 60,000 ரூபா. 18 சதவீதத்தில் 80,500. 24 சதவீதத்தில் 1,02,900. சம்பளம் மாறவில்லை, தவணை மட்டும் 43,000 ரூபா கூடுகிறது. கடனில் வாங்குவோர் அப்போது ஒதுங்கிக்கொண்டார்கள், கையில் காசு உள்ளவர்கள் மட்டும் சந்தையில் நின்றார்கள். 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியதும் கடன்காரர்கள் திரும்பி வந்தார்கள், விலை மீண்டும் நகர்ந்தது.

கடன் எடுக்கும்போது நிலையான வட்டியா மாறும் வட்டியா என்று எழுத்தில் கேளுங்கள். மாறும் வட்டி என்றால் மேலே சொன்ன மூன்று தவணைகளில் நடுவில் உள்ளதையாவது உங்கள் சம்பளம் தாங்குமா என்று பார்த்து எடுங்கள்.

எந்தப் பக்கம் எதற்காக விலை போகிறது?

புளியந்தீவு பழைய நகரம். புதுக் காணி அங்கே உருவாக முடியாது. விற்பனைக்கு வருவது அரிது, வருவதிலும் பல தலைமுறைகளாகப் பிரிபடாத பங்குகளாகக் கிடக்கும் வளவுகள் அதிகம். கடை போடத்தக்க வீதி முகப்பு இருந்தால் விலை தனி.

கோட்டைமுனை, தாண்டவன்வெளி, அரசடிப் பக்கம் பாடசாலையும் வைத்தியசாலையும் கிட்ட. வாடகைக்கு வீடு தேடுவோர் முதலில் கேட்கும் இடங்கள் இவை. முதலாம் தர அனுமதியில் பாடசாலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமும் வதிவிட ஆதாரமும் புள்ளியாகக் கணக்கிடப்படுவதால், பெரிய பாடசாலைகளைச் சுற்றி வாடகை எப்போதும் ஒரு படி மேலே நிற்கும்.

கல்லடி, உப்போடை, நாவற்குடா வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம். 1924 இன் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் 2013 இல் திறந்தபின் நகரோடு இது ஒன்றாகிவிட்டது. மணல் என்பதால் மழைநீர் விரைவில் இறங்கும். ஆனால் கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோர வலயம் என்று கணக்கு, கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அது கிடைக்குமா என்று கேட்காமல் கடல் பார்த்த காணிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

திராய்மடு ஒருகாலம் சுனாமி மீள்குடியேற்ற இடமாக மட்டும் அறியப்பட்டது. மாவட்டச் செயலகம் கோட்டையிலிருந்து அங்கே போனதும் அந்தப் பக்கம் வாடகைத் தேவை வந்திருக்கிறது. மீள்குடியேற்ற வீடுகளை வாங்குமுன் அவை யார் பெயரில், என்ன ஆவணத்தில் இருக்கின்றன என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள்.

செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு மூச்சு விடும் இடங்கள். அங்கே வீடாக அல்ல, அறையாகவும் கட்டிலாகவும் வாடகை பேசுவார்கள். பல்கலைக்கழகம் மூடினால் வருமானமும் நிற்கும்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விலை பாலத்தோடு வரும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்து, துறையில் காத்துக் கிடந்த பயணம் சில நிமிடமானபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீதியோரக் காணிகளைப் பார்ப்போர் தொகை மாறிவிட்டது. அங்கே கவனிக்க வேண்டியது உறுதி. அரச காணிகள் அதிகம்.

அம்பாறைக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது காத்தான்குடி போலவே: நெருக்கம், சீதனத் தேவை, வியாபாரம். ஒலுவில் துறைமுகம் கட்டியபின் ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது எல்லோருக்கும் தெரியும். பழைய நில அளவைப் படத்தில் உள்ள கிழக்கெல்லை இன்று தண்ணீருக்குள் இருக்கலாம், புதிதாக அளக்காமல் வாங்கக் கூடாது. அறுகம்பையில் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரைதான் பருவம். அங்கே பருவ மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வாடகையாகக் காட்டும் கணக்கை ஏற்க வேண்டாம்.

கேட்கும் விலை நியாயமா என்று வீட்டிலேயே எப்படிக் கணக்குப் பார்ப்பது?

காணியையும் கட்டடத்தையும் பிரித்துப் பாருங்கள். காணி பேர்ச்சுக்கு, கட்டடம் சதுர அடிக்கு. எடுத்துக்காட்டாக, 12 பேர்ச் காணியில் 1,100 சதுர அடி வீடு. பக்கத்தில் கைமாறிய விலை பேர்ச்சுக்கு 6 இலட்சம் என்றால் காணி 72 இலட்சம். இன்று அதே தரத்தில் கட்டச் சதுர அடிக்கு 10,000 ரூபா ஆகும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் கட்டடம் 110 இலட்சம். வீட்டுக்கு 20 வயது என்றால் ஆண்டுக்கு 1.5 சதவீதம் தேய்வு, மொத்தம் 30 சதவீதம். 110 இல் 33 போக 77. ஆக 149 இலட்சம். (இவை வழி காட்டும் எண்கள், உங்கள் ஒழுங்கையின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.) கேட்பது 190 இலட்சம் என்றால் மேலதிக 41 இலட்சம் எதற்கு என்று விற்பவர் சொல்ல வேண்டும்.

வாடகையை வைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2 கோடி ரூபா வீடு மாதம் 40,000 க்குப் போகிறது என்றால் ஆண்டுக்கு 4,80,000. அது போட்ட முதலில் 2.4 சதவீதம். திருத்த வேலை, சோலை வரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரி), ஆளில்லாத மாதங்கள் போனால் இன்னும் குறைவு. வங்கி நிலையான வைப்பு இதைவிடக் கூடத் தரும். ஆகவே வாடகைக்காக மட்டும் இங்கே வீடு வாங்குவது பெரும்பாலும் சரிவராது. பிள்ளைக்காக, தானே இருப்பதற்காக, அல்லது நீண்ட காலச் சேமிப்பாக என்றால் அது வேறு கணக்கு.

வெள்ளம் வருமா என்று வெயில் காலத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிந்தால் வெயில் காலத்தில் முடிவெடுக்காதீர்கள். இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை கொட்டுகிறது. மார்கழியில் ஒருமுறை, மழை விட்ட மறுநாள், அந்த ஒழுங்கையில் நடந்து பாருங்கள். நடந்தால் காணியைப் பற்றி எவர் சொன்னதையும் விட அதிகம் தெரியும்.

அதற்கு நேரமில்லை என்றால் இவற்றைப் பாருங்கள். சுவரில் தரையிலிருந்து ஒரே உயரத்தில் உப்புப் பூத்த கோடு. கதவு நிலைகளின் அடி ஊதியோ உளுத்தோ இருத்தல். கீழ்ச் சுவரில் மட்டும் புதுப் பெயின்ற். பிளக் பொயின்றுகள் வழக்கத்துக்கு மேலே ஏற்றப்பட்டிருத்தல். பக்கத்து வீட்டு மதிலில் பாசிக் கோடு. பிறகு ஒழுங்கையின் உயரம். கடந்த ஆண்டுகளில் பல ஒழுங்கைகள் கொங்கிறீட் போட்டு உயர்த்தப்பட்டன. வீதி உயர்ந்து வளவு தாழ்ந்தால் முன்பு வெள்ளம் காணாத வீடும் இப்போது குளமாகும். பழைய நல்ல வீடுகள் மலிவாக வருவதற்கு இது ஒரு காரணம். அயலவரிடம் "வெள்ளம் வருமா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "2011 ஜனவரியில் தண்ணீர் எதுவரை வந்தது? 2024 நவம்பரில்?" என்று கேட்டால் கையால் காட்டுவார்கள்.

இருதயபுரம், மாமாங்கம், கூழாவடிப் பக்கத்துத் தாழ்வான ஒழுங்கைகளில் இது கட்டாயம். வாவி நிறைந்தால் முகத்துவாரம் வெட்டிவிடும் வரை தண்ணீர் வடிய வழியில்லை. வடிகான் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வாவிக்குத்தான் போகிறது.

மண் போட்டு உயர்த்தலாம் என்பவர்கள் செலவைக் கணக்கிடுங்கள். 10 பேர்ச் காணி 2,722 சதுர அடி. ஓர் அடி உயர்த்த 2,722 கன அடி, அதாவது 27 கியூப். மண் இறுகித் தணியும் என்பதால் 32 முதல் 34 கியூப் வேண்டும். இரண்டடி என்றால் இரட்டிப்பு. அந்தத் தொகையைப் பேர்ச்சுகளால் வகுத்து, கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். "மலிவுக் காணி" பல தடவை மேட்டுக் காணியின் விலைக்கே வந்து நிற்கும்.

அனுமதிப்பத்திரக் காணி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால், அந்த அனுமதி இன்றிச் செய்த கைமாற்றம் செல்லாது. சத்தியக்கடதாசி எழுதி, இரண்டு சாட்சி வைத்து, காசு கொடுத்துக் குடியேறினாலும் சட்டத்தில் காணி இன்னும் பழைய ஆளுடையது. அவர் இறந்தால் அவர் பெயர் குறித்த பின்னுரித்தாளருக்குப் போகும். நீங்கள் கட்டிய வீட்டோடு போகும்.

வங்கியும் இதை ஈடாக எடுப்பது கடினம். அந்தப் பாதி விலை மலிவு அல்ல, ஆபத்துக்கு உரிய விலை. அனுமதி எடுத்துத் தருவதாக விற்பவர் சொன்னால், அனுமதி கையில் வந்தபின் காசு என்று சொல்லுங்கள்.

உறுதிக் காணியில் எதைப் பார்க்க வேண்டும்?

உறுதியின் பிரதியை வாங்கி, காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பக்கங்களைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேடச் சொல்லுங்கள். ஈடு, வழக்குப் பதிவு, முன்னைய விற்பனை எல்லாம் அங்கே தெரியும். ஒரே காணியை இருவருக்கு விற்றால், 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டப்படி முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை. கையெழுத்து வைத்த அன்றே பதிவுக்கு அனுப்பச் சொல்லி நொத்தாரிசைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அடுத்து அளவை. உறுதியில் 15 பேர்ச் என்று எழுதியிருக்கும், நிலத்தில் 13½ இருக்கும். பழைய உறுதிகளில் எல்லை "வடக்கு: இன்னாரின் வளவு" என்று மட்டும் இருக்கும், அந்த வளவு மூன்றாகப் பிரிந்து மூன்று பேருக்குப் போயிருக்கும். புதிய நில அளவைப் படம் எடுத்து, எல்லைக் கல் நாட்டி, விலையை அந்தப் படம் காட்டும் பேர்ச்சுக்குப் பேசுங்கள், உறுதியில் உள்ள பேர்ச்சுக்கு அல்ல.

பிரிபடாத பங்கு என்றால் மற்றப் பங்காளர் அனைவரும் கையெழுத்திடும் பங்கீட்டு உறுதி முடியும் வரை காத்திருங்கள். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் எங்கே என்று தெரியாது என்றால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத்தான் வழி, அது ஆண்டுக் கணக்கில் போகும்.

யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோரின் காணிகளில் இன்னொரு கேள்வி உண்டு. பத்தாண்டு தொடர்ந்து ஆண்டதால் வரும் ஆட்சியுரிமை கொண்டாடி "எனக்கே உரித்து" என்று விற்போர் இருக்கிறார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆட்சியுரிமையை மட்டும் வைத்து வரும் உறுதியைத் தனியாக ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

தேசவழமை இங்கே இல்லை. பங்காளருக்கு முதலில் விற்க வேண்டும் என்ற யாழ்ப்பாண வழக்கத்தை இங்குள்ள தமிழர் காணிகளுக்குச் சேர்த்துக் குழப்ப வேண்டாம். முஸ்லிம் ஒருவர் மரண சாசனம் இன்றி இறந்திருந்தால் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி பங்குகள் பிரியும். எல்லாப் பங்குதாரரும் உறுதியில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

வயலை நிரப்பிப் பிரித்து விற்கும் காணிகள்?

கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது (2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம்). அனுமதி இல்லையென்றால் மாநகர சபையோ பிரதேச சபையோ கட்டட வரைபடத்தை ஏற்காது, வங்கி கடன் தராது. துண்டு பிரித்த படத்துக்கு உள்ளூராட்சி சபை அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நகர அபிவிருத்திப் பிரதேசங்களில் துண்டு பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது.

சிறு துண்டில் கிணறும் மலக்குழியும் பெரும் சிக்கல். இரண்டுக்கும் இடையே 50 அடி வேண்டும். 45 அடிக்கு 60 அடி உள்ள 10 பேர்ச் துண்டில் மூலைக்கு மூலை வைத்தால்தான் அந்தத் தூரம் வரும், அப்போதும் பக்கத்து வீட்டு மலக்குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது உங்கள் கையில் இல்லை. குழாய் நீர் வரும் வீதியா என்று பாருங்கள். மணல் நிலத்தில் கிணற்று நீர் தெளிவாக இருப்பது நல்ல நீர் என்பதற்குச் சான்று அல்ல.

விலைக்கு மேல் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 1 கோடி ரூபா என்றால் 3,000 + 3,96,000 = 3,99,000 ரூபா. நொத்தாரிசு கட்டணம், தேடுதல், நில அளவை, தரகு இதற்கு மேல். தரகை யார் கொடுப்பது, எத்தனை சதவீதம் என்று காணியைப் பார்க்கப் போகுமுன் பேசிவிடுங்கள். இரு பக்கமும் முழுத் தரகு வாங்குவோர் உண்டு.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வோருக்கு ஒரு வார்த்தை: நாளை நீங்கள் விற்கும்போது, குறைத்து எழுதிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளி முழுவதும் உங்கள் மூலதன ஆதாயமாகத் தெரியும். வழக்கு வந்து காசு திரும்பக் கிடைத்தாலும் எழுதிய தொகைதான் பேசும்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர் வாங்கலாமா?

இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. இலங்கைக் குடியுரிமையை விட்டவர் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி காணியை விலைக்கு வாங்க முடியாது. நெருங்கிய உறவில் முதுசமாக வந்தால் வைத்திருக்கலாம். உறவினர் பெயரில் வாங்குவது நடைமுறையில் அதிகம். காசு கொடுத்தது நீங்கள் என்றாலும் உறுதியில் உள்ளவரே சொந்தக்காரர், அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள். இதனால் மனம் உடைந்த குடும்பங்கள் ஏராளம். முடிந்தால் முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது முற்பணம் எவ்வளவு? ஒப்பந்தம் எப்படி?

எத்தனை மாதம் என்பதைவிட அது எந்த வகை என்பதே முக்கியம். சில வீட்டுக்காரர் வாங்குவது வீடு விடும்போது திருப்பித் தரும் வைப்பு. சிலர் வாங்குவது மாதாமாதம் கழியும் முன்வாடகை. "ஆறு மாத முற்பணம்" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது, சண்டை அங்கேதான் தொடங்கும். மாதம் எவ்வளவு கழியும், மிகுதி எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதுங்கள்.

கடையில் விற்கும் படிவத்தில் ஓராண்டு என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்திட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் அது மாத வாடகையாகவே கொள்ளப்படும். அதாவது ஓராண்டு இருக்கலாம் என்ற உறுதி உங்களுக்கும் இல்லை, ஓராண்டு வாடகை வரும் என்ற உறுதி வீட்டுக்காரருக்கும் இல்லை. பாடசாலை அனுமதிக்கு ஆதாரம் காட்ட வேண்டியவர்களுக்கும் பதிந்த குத்தகைப் பத்திரமே உதவும்.

எழுத வேண்டியவை: வாடகை கொடுக்கும் திகதி, அடுத்த ஆண்டு எத்தனை சதவீதம் கூடும், தண்ணீர் மோட்டார் பழுதானால் யார் செலவு, கூரை ஒழுகினால் யார் செலவு, சோலை வரி யார் கட்டுவது, விட எத்தனை நாள் முன் அறிவித்தல். சாவி வாங்கும் நாளில் மின்மானி, நீர்மானி எண்களையும் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மின்மானியில் மேல்மாடியும் கீழ்மாடியும். பில் ஏன் இவ்வளவு?

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். தனித்தனியே 80 அலகு பாவிக்கும் இரு குடும்பங்கள் ஒரே மானியில் 160 அலகாகி உயர்ந்த படிக்குப் போகின்றன. இருவரும் சிக்கனமாக இருந்தும் இருவருக்கும் நட்டம். தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இலாபம்தான்.

வீட்டுக்காரர் உடனே எழும்பச் சொல்கிறார். என்ன செய்வது?

மாத வாடகை என்றால் ஒரு முழு மாத முன்னறிவித்தல் வேண்டும், அதன் பிறகும் நீங்கள் போகாவிட்டால் அவர் நீதிமன்றம் போக வேண்டும். பூட்டை மாற்றுவதற்கும் கரண்டை வெட்டுவதற்கும் அவருக்கு உரிமையில்லை. பலாத்காரமாக வெளியேற்றினால், இரண்டு மாதத்துக்குள் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றத்தை நாடலாம். நாட்கள் ஓடிவிடும், உடனே பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து வையுங்கள்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வாடகையும் கொடாமல் வீட்டையும் விடாமல் இருப்போரால் நொந்தவர்கள் பலர். குத்தகைக்குக் கொடுத்த வீட்டை மீளப் பெறுவதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழியொன்றைத் தருகிறது. நொத்தாரிசு முன் ஒழுங்காக எழுதிய குத்தகை இருந்தால் இரு தரப்புக்கும் பாதை தெளிவு.

வீடு தேட எந்த மாதம் நல்லது?

இடமாற்றங்களும் பாடசாலை ஆண்டும் ஜனவரியைச் சுற்றி வருவதால் நவம்பர், டிசம்பரில் தேடுவோர் அதிகம். மே முதல் ஓகஸ்ட் வரை பேரம் பேச இடமிருக்கும். ஆனால் மழையில் பார்க்காத வீடு அது. மே மாதம் எடுத்தால் வெள்ளம் வந்தால் முன்னறிவித்தலின்றி விட்டுப் போகலாம், மிகுதி முற்பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நியாயமான வீட்டுக்காரர் மறுப்பதில்லை.

வாடகை வருமானத்துக்கு வரி உண்டா?

உண்டு. மாத வாடகை 1 இலட்சத்தைத் தாண்டினால் கொடுப்பவர் 10 சதவீதத்தைப் பிடித்து உள்நாட்டு இறைவரிக்குக் கட்ட வேண்டும். வங்கிக்கும் நிறுவனங்களுக்கும் கட்டடம் கொடுத்தோருக்கு இது வரும். தனியாளின் மொத்த ஆண்டு வருமானம் 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சத்துக்குள் இருந்தால் வருமான வரி இல்லை, வாடகையில் 25 சதவீதம் திருத்தச் செலவுக்கெனக் கழிக்கவும் இடமுண்டு. விற்கும்போது, மூன்று ஆண்டு சொந்தமாக வைத்து அதில் இரண்டு ஆண்டாவது தானே வாழ்ந்த முதன்மை வீடென்றால் மூலதன ஆதாய வரி விலக்கு. 2017 செப்டெம்பர் 30 க்கு முன் வாங்கிய காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடிப்படை, அந்தத் திகதிக்கான மதிப்பீட்டறிக்கையை விற்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.